ரீச்சர் கொண்டுவந்த தண்ணீர்

அவருடைய தண்ணீர்ப் போத்தலுக்கு ஒரு துணி உறை இருந்தது. சர்பத் முடிந்த வெறும் போத்தல். வாயில் றப்பர் மூடி. உறையை அவரே தைத்து, அங்கங்கே நூலால் இறுக்கிக் கட்டி நீலச் சாயத்தில் தோய்த்திருந்தார். கட்டு அவிழ்த்த இடங்களில் வெள்ளை வட்டங்கள். எங்கள் குடியேற்றத்தின் பொது மண்டபத்துக்கு வந்த முதல் நாள் அவர் மேசையில் வைத்த முதல் பொருள் அதுதான். சாயப்பொடி டின்களும் தூரிகைகளும் பட்டுத் துணிச் சுருளும் அதற்குப் பிறகே பெட்டியிலிருந்து வெளியே வந்தன.

அறுபதுகளின் தொடக்கம். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் காணிகளுக்காக யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வந்து வட்டக்கச்சியில் குடியேறிய குடும்பங்கள் நாங்கள். பெண்களுக்கு ஒரு கைத்தொழில் வேண்டும் என்று மாதர் சங்கம் கேட்டிருந்தது. துணிக்குச் சாயமிடவும் பட்டில் சித்திரம் தீட்டவும் பழக்குவதற்கென அரசாங்கம் அவரை ஆசிரியையாக அனுப்பியது. சங்கத்தின் தலைவி என் அம்மா. மண்டபத்துக்கு அடுத்த காணி எங்களுடையது. அம்மாவும் அக்காவும் நானும் வகுப்பில் சேர்ந்தோம். மற்றவர்கள் அயல் காணிகளின் பெண்கள். அவர்களில் பக்கத்து வீட்டுச் சின்னக்கிளி மாமியின் குரல்தான் எப்போதும் மேலே கேட்கும்.

முதல் நாள் அம்மா வீட்டிலிருந்து தேநீர் கொண்டுவந்தார்.

"வேண்டாம் அம்மா. தேத்தண்ணி எனக்குப் பழக்கமில்லை."

"அப்ப கோப்பி போட்டுத் தரட்டோ?"

"அதும் இல்லை."

"மோர் இருக்கு ரீச்சர்."

"நான் தண்ணி கொண்டந்திருக்கிறன் அம்மா" என்று போத்தலைக் காட்டினார்.

அவர் சாயத் தட்டுகளைக் கழுவ வெளியே போனபோது சின்னக்கிளி மாமி போத்தலைக் குனிந்து பார்த்தார். "உதுக்குள்ள இருக்கிறது தண்ணியோ, கங்கையோ?" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

ரீச்சருக்கு இருபத்தெட்டு வயது இருக்கலாம். ஒல்லியானவர். நெற்றியில் சிறிய திருநீற்றுக் கீற்று, அதன் கீழ் பொட்டு. மண்டபத்தின் பின்னறையில் தங்கித் தானே சமைத்துச் சாப்பிட்டார். மண்டபத்துக்கு ஒரு கிணறு இருந்தது. வகுப்புக்கு வேண்டிய தண்ணீரை நாங்கள் முறை வைத்து அள்ளுவோம். அவர் அந்தக் கயிற்றைத் தொட்டு நான் பார்த்ததில்லை. தனக்கு வேண்டியதை வாய்க்காலில் மொண்டு, துணியில் வடித்து, கொதிக்க வைத்து, ஆறவிட்டுப் போத்தலில் நிரப்புவார். ஏன் என்று கேட்டால், "கிணத்துத் தண்ணி எனக்கு ஒத்துக்கொள்ளாது" என்பார்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. எவரிடமிருந்தும் எதையும் கைக்குக் கை வாங்க மாட்டார். கத்தரிக்கோலை நீட்டினால், "மேசையில வையுங்கோ, சாயக் கை, உங்களில ஒட்டிப்போடும்" என்பார். வைத்த பிறகு எடுப்பார். காலையில் சாயம் கரைப்பதற்கு முன்னரும், கை சுத்தமாக இருக்கும்போதும் அதையே சொன்னார். இதை நான் அப்போதே கவனித்தேன். கவனித்ததற்கு மேல் ஒன்றும் யோசிக்கவில்லை.

எங்கள் வீடுகளில் இதற்கெல்லாம் ஒரே விளக்கம்தான் இருந்தது. பிறர் வீட்டில் தண்ணீர் குடிக்காதவர்கள் எங்களுக்குத் தெரிந்த வரையில் எங்களைவிட மேலானவர்கள். கோயில் ஐயர் குடிக்க மாட்டார். ஊரில் ஆசாரம் பார்க்கும் சில பெரிய வீட்டுக் கிழவர்கள் குடிக்க மாட்டார்கள். ஆகவே ரீச்சர் அப்படிப்பட்ட இடத்துப் பிள்ளை. "நல்ல சுத்தமான ஆக்கள் போல கிடக்கு" என்று அம்மா வீட்டில் சொன்னார். அதில் சிறிது மனத்தாங்கல் இருந்தது. மதிப்பு அதைவிடக் கூடுதலாக இருந்தது. தன் வீட்டுத் தேநீரை மறுக்கும் ஒருவர் சங்கத்துக்குப் பழக்க வந்திருப்பது அம்மாவுக்குப் பெருமையாகவே பட்டது.

வேலையில் அவர் கண்டிப்பானவர் அல்லர். பட்டுத் துணியை மரச்சட்டத்தில் இழுத்துக் குத்தூசிகளால் பொருத்துவோம். உருக்கிய மெழுகால் கோடு போடுவோம். கோட்டுக்குள் சாயத்தைத் தொட்டு வைத்தால் அது தானாகப் பரவி மெழுகில் முட்டி நிற்கும். கோட்டில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் நிறம் பக்கத்துப் பூவுக்குள் போய்விடும். ஈரத்தோடு ஆனையிறவுக் கல்லுப்பைத் தூவினால் ஒவ்வொரு கல்லும் தன்னைச் சுற்றிய சாயத்தை உறிஞ்சிக்கொண்டு வெளிறிய பூ ஒன்றைப் பட்டில் விட்டுப் போகும். முதல்முறை அதைக் கண்டபோது சின்னக்கிளி மாமி, "கறிக்குப் போடுற உப்பு, உந்த வேலையும் தெரிஞ்சு வைச்சிருக்கே" என்று வாயில் கைவைத்தார்.

ஈரத்தில் நிறம் உண்மையைச் சொல்லாது. அடர்ந்து தெரிவது காய்ந்தால் வெளிறும். அதனால் யார் எதைப் பாராட்டினாலும், யார் எதற்காக அழுதாலும், ரீச்சர் சொல்வது ஒன்றுதான்: "காயட்டும், பாப்பம்."

தீட்டிய பட்டைப் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி, பெரிய கிடாரத்தில் தண்ணீர் படாமல் தொங்கவிட்டு ஆவியில் அவிப்போம். அப்போதுதான் நிறம் நிலைக்கும். ஒருநாள் தாளில் ஈரம் பட்டு, மரண அறிவித்தல் ஒன்றின் வரிகள் இடம் வலமாக மாறி அக்காவின் பட்டுக் கைக்குட்டையில் பதிந்துவிட்டன. அக்காவுக்கு அழுகை வந்தது. ரீச்சர் கொடியில் போட்டுக் காயவிட்டார். காய்ந்த பிறகும் வரிகள் இருந்தன.

"இது போகாது தங்கச்சி" என்றார். "ஆரும் கேட்டா, படிச்ச பட்டு எண்டு சொல்லுங்கோ."

அக்கா அழுதபடியே சிரித்தார்.

அவித்த பட்டையும் தோய்த்த துணியையும் ஓடும் தண்ணீரில் அலம்ப வேண்டும். மிச்சச் சாயம் கழன்று போகும் வரையில் அலம்ப வேண்டும். வாய்க்கால் மண்டபத்தின் முன்னால் ஓடியது. அதன் கரைதான் எல்லோரும் நடக்கும் பாதை. அலம்பும் கட்டம் வந்த முதல் நாள் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் திடீரென்று கையில் வேறு வேலை இருந்தது. கடைசியில் சின்னக்கிளி மாமிதான் சொன்னார்.

"ரீச்சர், கோவியாதேங்கோ. வீட்டில கிணத்தடியில எண்டா நாங்கள் செய்வம். ஊர் பாக்க வாய்க்காலில நிண்டு ஆரின்ரையோ துணியெல்லாம் அலம்பினா, நாங்கள் என்ன..."

வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. அது கட்டாடியார் வேலை. துணி வெளுக்கும் குடும்பத்தவரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள்.

ரீச்சர் சிறிது நேரம் தன் கைகளைப் பார்த்தார். பிறகு, "எல்லாத்தையும் அந்த வாளியில போடுங்கோ. நான் அலம்புறன்" என்றார். சேலையைச் செருகிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினார். அவர் துணியை விரித்து, நீரோட்டத்தில் விட்டு, ஒரு சுழற்றில் திரும்ப எடுத்து உதறிய விதத்தை நாங்கள் கரையில் நின்று பார்த்தோம். அன்றிலிருந்து வகுப்பு முழுவதன் துணியையும் அவரே அலம்பினார்.

அன்று வீடு திரும்பும்போது அம்மா சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "பாத்தனியே? பெரிய இடத்துப் பிள்ளையள் வேலைக்கு வெக்கப்படாயினம். பேருக்குப் பழுது வருமெண்டு பயப்பிடுறது எங்களை மாதிரி நடுவில நிக்கிற ஆக்கள்தான்." அம்மா புத்திசாலி. கண்ணால் கண்டதை எல்லாம் சரியாகக் கண்டார். அதைக் கூட்டிப் பார்த்ததில்தான் பிழை விட்டார். அந்தப் பிழையை அன்று எங்களில் எவரும் கண்டுபிடிக்கவில்லை.

எந்த ஊர், யாருடைய பிள்ளை என்று அறிய முயற்சிகள் நடந்தன. என் தாய்மாமன் அதில் வல்லவர். ஒருநாள் மண்டப வாசலில் சைக்கிளை நிறுத்திக்கொண்டு கேட்டார்.

"ரீச்சர், சொந்த இடம் எதுவெண்டு சொன்னனீங்கள்?"

"தென்மராட்சிப் பக்கம்."

"தென்மராட்சியில எங்கட ஆக்கள் கனபேர். ஐயா என்ன செய்யிறார்?"

"ஐயா இல்லை. அண்ணைதான் என்னைப் படிப்பிச்சவர்."

"அண்ணை என்ன உத்தியோகமோ?"

"உத்தியோகமில்லை. உழைக்கிறார்."

மாமா திருப்தியோடு போனார். தோட்டம் துரவு உள்ள ஆட்கள், உத்தியோகம் தேவையில்லை என்று எங்களிடம் விளக்கினார். தன் சிநேகிதரின் மகன் ஒருவன் நீர்ப்பாசன இலாகாவில் ஓவசியராக இருந்தான். அவனுக்கு ரீச்சரைக் கேட்கலாமா என்றும் யோசித்தார். "வேற ஆரும் கேக்க முந்தி நாங்கள் கேப்பம்" என்று சின்னக்கிளி மாமி அவசரப்படுத்தினார்.

அந்தப் பங்குனியில் போத்தல் உடைந்தது. காலையில் உறையோடு கை நழுவிச் சீமெந்து நிலத்தில் விழுந்தது. ரீச்சர் உறையை அவிழ்த்துக் கண்ணாடியைப் பொறுக்கி வெளியே போட்டுவிட்டு வந்து வகுப்பைத் தொடங்கினார். அன்று அவிக்கும் நாள். தகரக் கூரைக்குக் கீழே மூன்று கல் அடுப்பில் கிடாரம் கொதித்துக்கொண்டிருந்தது. "தண்ணி அள்ளித் தரட்டோ ரீச்சர்?" என்று நான் கேட்டேன். "தாகமில்லை" என்றார். அக்கா கேட்டபோதும் அதையே சொன்னார். மத்தியானம் சாய முன்னர் கிடாரத்தின் மூடியைத் திறக்கக் குனிந்தவர் அப்படியே சரிந்துவிட்டார்.

நாங்கள் அவரைத் தூக்கிக்கொண்டுபோய் எங்கள் விறாந்தையில் கிடத்தினோம். முந்தின நாள்தான் மாப்பிள்ளை வீட்டார் அக்காவைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அவர்களுக்காக அலுமாரியிலிருந்து எடுத்த பேணி இன்னும் வெளியே இருந்தது. அது மூக்குப்பேணி, வாய் வைக்காமல் அண்ணாந்து குடிப்பதற்காகக் குருவி அலகு போல ஒரு மூக்கு வைத்த பித்தளைப் பாத்திரம். அம்மாவின் சீதனத்தோடு வந்தது, கழுத்தைச் சுற்றி ஒரு கொடி வெட்டப்பட்டிருக்கும். அம்மா ரீச்சரின் தலையை மடியில் வைத்து, பேணியின் மூக்கை அவர் உதடுகளுக்கிடையில் செருகித் தண்ணீரை ஊற்றினார். மிச்சத்தை முகத்தில் தெளித்தார்.

ரீச்சர் விழுங்கினார். கண்ணைத் திறந்தார். முதலில் அம்மாவைப் பார்த்தார், பிறகு பேணியைப் பார்த்தார். கை எழுந்து பேணியைத் தள்ளப் போனது. பாதி வழியில் நின்றுவிட்டது.

"கண்டீங்களே, குடிச்சிட்டியள்!" என்று சின்னக்கிளி மாமி கைகொட்டினார்.

"இனி நீங்கள் எங்கட வீட்டுப் பிள்ளை" என்றார் அம்மா. அதில் பொய் இருக்கவில்லை.

ரீச்சர் எழுந்து உட்கார்ந்தார். முகமும் சட்டையும் நனைந்திருந்தன. "முதல்ல காயட்டும் அம்மா" என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

போவதற்கு முன் அவர் பேணியை இன்னொரு முறை பார்த்தார். "வடிவான பேணி. எங்க வாங்கினது எண்டு தெரியுமோ?" என்று கேட்டார். யாழ்ப்பாணப் பட்டினத்தில் பெரிய கடைத் தெருவில், இன்னும் அந்தக் கடை இருக்கிறது என்று அம்மா மகிழ்ச்சியோடு இடம் சொன்னார். அடுத்த நாள் ரீச்சரிடம் வேறொரு சர்பத் போத்தல் இருந்தது. உறை பழையது.

வைகாசியில் அக்காவுக்குக் கலியாணம். மணவறைக்குப் பின்னால் தொங்கவிட வகுப்பில் எல்லோரும் சேர்ந்து பட்டுத் திரை ஒன்று தீட்டினோம். நீலத்தில் உப்புத் தூவிப் பூக்க வைத்த திரை. அதன் ஒரு மூலையிலும் கோடு உடையவில்லை. பந்தல் போட்ட நாளன்று ரீச்சர் வந்து ஒரு பலகையில் ஏறி நின்று அதைச் சட்டத்தில் குத்தூசிகளால் பொருத்திக்கொண்டிருந்தார். நான் கீழே நின்று ஊசிகளைப் பலகையில் வைத்துக் கொடுத்தேன்.

கலியாணப் பந்தலுக்கு மேலே வெள்ளை கட்ட வேண்டும். அது கட்டாடியாரின் உரிமை. அவர் வெளுத்துக் கொண்டுவந்து கட்டும் துணியின் கீழ்தான் தாலி ஏற வேண்டும். எங்கள் ஊர்க் கட்டாடியாருக்குச் சுகமில்லை. தன் உறவுக்காரர் ஒருவரைத் துணிப் பொட்டளியோடு அனுப்பியிருந்தார். வந்தவர் உயரமான மனிதர், என் மாமாவைவிட வயது கூடியவர், காதோரம் நரைத்திருந்தது. பந்தலுக்குள் நுழைந்தவர் ஒரு கணம் நின்றார். பிறகு ஏணியைச் சாத்தி ஏறினார்.

பிற்காலத்தில் பத்திரிகைக்காரியாகிச் செய்தி சேகரிக்கப் போன இடங்களில் ஒன்றைக் கற்றுக்கொண்டேன். முன்பின் தெரியாத இருவர் ஓர் இடத்தில் வேலை செய்தால், ஒரு தடவையாவது ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். அன்று அந்தப் பந்தலில் அவர் ஏணியிலும் ரீச்சர் பலகையிலுமாக அருகருகே நின்றார்கள். ஒருவரை ஒருவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

"டேய், வடக்குப் பக்கம் தொய்யுது. கண் தெரியேல்லையோ? இழுத்துக் கட்டடா" என்று மாமா கீழே நின்று கத்தினார்.

"ஓம் நயினார்."

ரீச்சரின் விரல்கள் ஊசியில் நின்றன. பிறகு மறுபடியும் குத்தின.

"எருமை மாடு மாதிரி நிண்டு யோசிக்கிறான். உன்ர ஊரில உப்பிடித்தான் கட்டுறதோ?"

"இல்லை நயினார். இந்தா, சரியாக்கிறன்."

வேலை முடிந்து அவர் இறங்கியதும், "உவனுக்குக் குடிக்கத் தண்ணி குடுங்கோ" என்று மாமா உள்ளே குரல் கொடுத்தார். சின்னக்கிளி மாமி குசினிக்குப் பின்னால் வேலியில் செருகியிருந்த தேங்காய்ச் சிரட்டையை எடுத்துக் கொடுத்து, செம்பை உயரப் பிடித்து அதில் தண்ணீர் ஊற்றினார். அவர் குந்தியிருந்து குடித்தார். பந்தலிலிருந்து பார்த்தால் அந்த இடம் நேராகத் தெரியும்.

அதே நேரத்தில்தான் அம்மா ரீச்சரிடம் வந்தார். கையில் அந்த மூக்குப்பேணி, அதில் ஆவி பறக்கும் கோப்பி. பின்னால் வகுப்புப் பெண்கள்.

"ரீச்சர், இண்டைக்கெண்டாலும் மாட்டன் எண்டு சொல்லாதேங்கோ. என்ர பிள்ளையின்ர கலியாண வீடு. இந்தப் பேணியில முந்தியும் குடிச்சனீங்கள்தானே? ஒண்டும் ஆகேல்லையே!"

பெண்கள் சிரித்தார்கள். ரீச்சர் பலகையில் நின்றபடியே குசினிப் பக்கம் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"குடிக்கிறன் அம்மா" என்றார். "அங்க அவருக்குக் குடுத்த சிரட்டையில ஊத்தித் தாங்கோ."

"இதென்ன கதை ரீச்சர்? அது அவனுக்கு..."

"அவர் என்ர அண்ணை. என்னைப் படிப்பிச்ச அண்ணை."

சின்னக்கிளி மாமியின் முகத்தில் இருந்த சிரிப்பு இறங்குவதற்குச் சிறிது நேரம் பிடித்தது. குசினிப் பக்கத்திலிருந்து அந்த மனிதர் சிரட்டையோடு எழுந்து வந்து பந்தலின் விளிம்பில், உள்ளே வராமல் நின்றார்.

"நீ ஏன் பிள்ளை..." என்றார். "நான் பேசாமத்தானே நிண்டனான்."

"அதுதான் அண்ணை" என்றார் ரீச்சர்.

அம்மாவின் கையில் கோப்பி இருந்தது. அவர் அதை நீட்டவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. ரீச்சர் திரும்பி, திரையின் மிச்ச ஊசிகளையும் குத்தி முடித்தார். கீழ் விளிம்பைத் தடவிச் சுருக்கம் எடுத்தார். பிறகு பலகையிலிருந்து இறங்கித் தமையனோடு படலையால் வெளியே போனார்.

திரையைக் கழற்றி எறியச் சொன்னார் மாமா. அம்மா ஐயரிடம் ஆள் அனுப்பினார். பட்டுக்குத் துடக்கு ஒட்டாது என்று ஐயர் சொல்லிவிட்டார். வெள்ளையையும் அவிழ்க்க முடியாது. வெள்ளை இல்லாமல் கலியாணம் இல்லை. ஆகவே தமையன் கட்டிய வெள்ளையின் கீழ், தங்கை தீட்டிய நீலத்தின் முன்னால், அக்காவுக்குத் தாலி ஏறியது. மாப்பிள்ளை வீட்டார் திரையை மிகவும் பாராட்டினார்கள். எங்கே வாங்கியது என்று கேட்டார்கள். கிளிநொச்சியில் என்றார் மாமா.

அடுத்த வாரம் மண்டபக் கதவு திறந்திருந்தது. சட்டங்கள் வெளியே எடுத்து வைக்கப்பட்டிருந்தன. ஒருவரும் போகவில்லை. ஒருத்திக்கு நாற்று நடுகை, ஒருத்தியின் பிள்ளைக்குக் காய்ச்சல், சின்னக்கிளி மாமிக்கு இடுப்பு உளைவு. எங்கள் வீட்டில் கலியாண அலுப்பு. காரணத்தை எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதற்கு யாராவது பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும். ரீச்சர் காலையில் கதவைத் திறப்பார், மாலையில் பூட்டுவார். எங்கள் குசினி யன்னலிலிருந்து அது தெரியும். நான் யன்னலுக்கு முதுகு காட்டி இருந்து தேங்காய் துருவப் பழகிக்கொண்டேன்.

மூக்குப்பேணியை அம்மா முதலில் புளி போட்டு விளக்கினார். பிறகு தணலில் வாட்டி எடுத்தார். அதற்குப் பிறகும் அதை அலுமாரியில் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. சில நாட்கள் அது கிணற்றடியில் கவிழ்ந்து கிடந்தது. ஒருநாள் பார்த்தால் வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறத்தில் கோழிகளுக்கு அதில் தண்ணீர் வைக்கப்பட்டிருந்தது. அம்மாவின் தாய் கொடுத்த பேணி. அதன் கழுத்துக் கொடியில் சாம்பலும் எச்சமும் ஒட்டியிருந்தன.

அந்த மாதம் முடிவதற்குள் ரீச்சருக்கு இடமாற்றம் வந்தது. போகும் நாளன்று காலை படலையடியில் வந்து நின்றார். ஒரு கையில் பெட்டி, தோளில் நீல உறைப் போத்தல், மறு கையில் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு பொதி. படலை திறந்துதான் இருந்தது. அவர் உள்ளே வரவில்லை.

அம்மா முற்றத்துக்குப் போனார். நான் பின்னால் போனேன். அதுவரை 'வாங்கோ', 'இருங்கோ' என்று சொன்ன வாய்க்கு அன்று என்ன சொல்வதென்று தெரியவில்லை. 'வா' என்று சொல்லவும் வரவில்லை.

"பயணமாக்கும்" என்றார் அம்மா, வேலியைப் பார்த்து.

"ஓம் அம்மா. பத்து மணி பஸ்."

முற்றத்தைக் கடந்து கோடிப்புறம் தெரியும். கோழிகள் பேணிக்குள் தலையை விட்டுக் குடித்துக்கொண்டிருந்தன. ரீச்சர் அதைப் பார்த்தார். அவர் முகத்தில் அதிர்ச்சி ஒன்றும் வரவில்லை. அவர் எதிர்பாராத ஒன்று அல்ல அது. அவர் கையில் பொதி இருந்தது.

அம்மாவும் அவர் எதைப் பார்க்கிறார் என்று கண்டார். ஒரு கோழியை "சூ" என்று துரத்தினார். அது போய்விட்டுத் திரும்பவும் வந்தது.

ரீச்சர் பொதியைப் பிரித்தார். உள்ளே புது மூக்குப்பேணி. கழுத்தைச் சுற்றி அதே கொடி. அதைக் கைக்குக் கை நீட்டவில்லை. குனிந்து, படலைக்கு உட்புறம், கூட்டிய சுத்தமான இடமாகப் பார்த்து நிலத்தில் வைத்தார்.

"இதென்னத்துக்கு" என்றார் அம்மா.

"அண்டைக்கு என்னால ஒரு பேணி பழுதாப் போச்சு" என்றார் ரீச்சர். பிறகு, எங்களுக்கு வேலையின் அடுத்த கட்டத்தை விளக்கும் அதே குரலில் சொன்னார்: "கடையில வாங்கினபடியே இருக்கு அம்மா. நான் தண்ணி ஊத்திப் பாக்கேல்லை."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் கரையால் நடந்தார். பெட்டி பாரமாக இருந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தபடி நடந்தார். ஒரு பிடி பிடிக்க எவரும் போகவில்லை. சின்னக்கிளி மாமி தன் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா நெடுநேரம் பேணியைப் பார்த்தபடி நின்றார். பிறகு எடுத்தார். உள்ளே பார்த்தார். மூக்கைத் திருப்பிப் பார்த்தார். குசினிக்குள் கொண்டுபோவார் என்று நினைத்தேன். கிணற்றடிக்குக் கொண்டுபோனார்.

"புதுச் சாமான் எண்டாலும் விளக்கித்தானே எடுக்க வேணும்" என்றார், நான் ஒன்றும் கேட்காமலே.

புளி போட்டு விளக்கினார். கழுவிக் கவிழ்த்தார். கவிழ்த்ததை நிமிர்த்தி, மறுபடியும் புளியை எடுத்தார். நான் துலாக் கயிற்றைப் பிடித்துத் தண்ணீர் அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தேன்.